தூங்கி வழியும் ஹெட்லைட்

நேயர்களுக்கு வணக்கம்.

இரவு நேரம், ஏற்றமான சாலை. ஆக்ஸிலரேட்டரை நன்றாக மிதித்து ஏறிக்கொண்டிருக்கிறீர்கள். திடீரென்று காரின் இரண்டு ஹெட்லைட்டும் தூக்கம் வந்த குழந்தையின் இமைபோல மெல்லக் கீழே இறங்குகின்றன. பயந்துபோய்க் காலை எடுத்தால் மறுபடி எழுந்துகொள்கின்றன. 1962இல் இங்கிலாந்தில் வெளிவந்த லோட்டஸ் எலான் என்ற சின்ன ஸ்போர்ட்ஸ் காரை வைத்திருப்பவர்களில் பலருக்கு இது பழகிய காட்சி.

அந்தக் காரின் மூக்கு மிகவும் தாழ்வு. சட்டம் கேட்ட உயரத்தில் விளக்கைப் பொருத்த அங்கே இடமில்லை. அதனால் வேண்டும்போது எழுந்து, வேண்டாதபோது மூக்குக்குள் படுத்துக்கொள்ளும் விளக்கை வைத்தார்கள். தூக்குவதற்கு மோட்டார் கிடையாது, எஞ்சினின் உறிஞ்சும் சக்திதான். பெட்ரோல் எஞ்சின் சும்மா ஓடும்போது காற்று வரும் வழி கிட்டத்தட்ட மூடியிருக்கும். எஞ்சினோ இழுத்துக்கொண்டே இருக்கும். அதில் உண்டாகும் வேக்குவம், அதாவது உறிஞ்சும் வெற்றிடம், பாதரச அளவில் 15 முதல் 20 அங்குலம் வரை வரும். ரப்பர் குழாய் வழியே அது ஒரு டப்பாவுக்குள் இருக்கும் ரப்பர் சவ்வை இழுக்கிறது. சவ்வு கம்பியை இழுக்க, விளக்கு எழுகிறது. ஆனால் ஆக்ஸிலரேட்டரை முழுதாக மிதித்தால் வழி திறந்துவிடும், வேக்குவம் ஏறக்குறைய பூஜ்யமாகிவிடும்.

அந்த நேரத்துக்காக வேக்குவத்தைச் சேமித்து வைக்க ஒரு தொட்டி வேண்டுமே? லோட்டஸின் நிறுவனர் காலின் சாப்மன் எடையைக் குறைப்பதில் பிடிவாதக்காரர். தனித் தொட்டி எதற்கு என்று, சேஸிஸின் முன்பக்கக் குறுக்குச் சட்டத்தையே காற்றுப் புகாமல் அடைத்துத் தொட்டியாக்கிவிட்டார்கள். கெட்டிக்காரத்தனம்தான், ஆனால் இரும்பு துருப்பிடிக்கும் என்பதை யாரோ மறந்துவிட்டார்கள் என்று எனக்குத் தோன்றும்.

சரி, கோளாறை எப்படிப் பிடிப்பது? நம் சைக்கிள் கடையில் டியூபைத் தண்ணீரில் முக்கினால் குமிழி வந்து ஓட்டையைக் காட்டிக்கொடுக்கும். இங்கே அது நடக்காது, காற்று வெளியே வருவதில்லை, உள்ளே போகிறது. ஓட்டை விழுந்த ஸ்ட்ராவில் இளநீர் உறிஞ்சிப் பாருங்கள், அதே கதை.

அதனால் முதல் கருவி கைக்கடிகாரம். விளக்கை எழுப்பி, எஞ்சினை நிறுத்திவிட்டு நேரத்தைப் பாருங்கள். உடனே விழுந்தால் எனக்கு முதல் சந்தேகம் ஒருவழி வால்வின் மேல்தான். எஞ்சினுக்கும் தொட்டிக்கும் நடுவே இருக்கும் சின்னச் சாமான் அது. கழற்றி வாயால் ஊதினால் ஒரு பக்கம் மட்டும்தான் காற்று போக வேண்டும். இரண்டு பக்கமும் போனால், ஏற்றத்தில் சேமிப்பு முழுவதும் எஞ்சினுக்கே திரும்பிப் போய்விடும். ஒரு விளக்கு மட்டும் சோம்பலாக எழுந்தால் அந்தப் பக்கத்துச் சவ்வையும் கீலையும் பாருங்கள். பாதி நேரம் கீலில் எண்ணெய் இல்லாததுதான் காரணமாக இருக்கும். இரண்டும் சேர்ந்து சோம்பினால் பொதுவான பாதையில் கசிவு. குழாயை ஓர் இடத்தில் கழற்றி முனையை அடைத்துப் பார்த்தால் கசிவு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று தெரியும். அடைப்பதற்கு கோல்ஃப் பந்தை நிறுத்தும் சின்ன ஆணி அளவெடுத்ததுபோல இருக்கும். டேஷ்போர்டின் பின்னால் காதை வைத்தால், விளக்குக்கு வேக்குவத்தைத் திறந்துவிடும் சுவிட்ச் கசிகிறதென்றால் மெல்லிய சீழ்க்கை கேட்கும்.

குறுக்குச் சட்டம்தான் ஓட்டை என்று தெரிந்தால் நான் வெல்டிங் பக்கமே போக மாட்டேன். மேலே இருப்பது ஃபைபர் கிளாஸ் உடல், தீயைக் கொண்டு போகும் இடமில்லை. சின்னத் தொட்டி ஒன்றைக் கண்ணில் படாமல் ஒளித்து வைத்து, குழாயை அதற்கு மாற்றிவிடலாம். அசல் மாறக் கூடாது என்பவர்கள் முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும். ஆனால் துரு எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று மட்டும் பார்த்துவிடுங்கள், முன் சக்கரங்களைத் தாங்குவதும் அந்தச் சட்டம்தான்.

ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன். பிற்காலத்து எலான்களில் ஏற்பாடு தலைகீழ். ஸ்பிரிங் விளக்கைத் தூக்கும், வேக்குவம் அதைக் கீழே பிடித்து வைக்கும். அதில் கசிவென்றால், இரவு படுக்க வைத்த விளக்கு காலையில் விழித்துக்கொண்டு நிற்கும். அதில் வேலை செய்யும்போது விரல் பத்திரம்.

ஒருவர் இரண்டு பக்கச் சவ்வையும் புதிதாக மாற்றிவிட்டு, அப்படியும் விளக்கு நிற்கவில்லை என்று என்னிடம் வந்தார். எஞ்சினில் சொருகும் குழாயின் முனை காய்ந்து வெடித்திருந்தது. அரை அங்குலம் வெட்டிவிட்டு மறுபடி சொருகினேன். பழைய சவ்வுகளை அவர் அதற்குள் குப்பையில் போட்டிருந்தார்.