எத்தனை அடி?

(பினாங்கில் ஒரு பொங்கல் விழாப் பட்டிமன்றம். தலைப்பு: விளையாட்டில் பெண் சாதிக்கப் பெரிதும் காரணம் வீட்டின் ஆதரவா, அவளுடைய பிடிவாதமா? ‘பிடிவாதமே’ அணியின் இரண்டாவது பேச்சு.)

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். மீதி வணக்கங்களை எனக்கு முன்னால் பேசியவர்கள் எல்லாரும் சொல்லிவிட்டார்கள், நேரத்தையும் அதிலேயே தின்றுவிட்டார்கள்.

எங்கள் அணித் தலைவர் நியூசிலாந்தின் குண்டு எறிதல் வீராங்கனை வேலரி ஆடம்ஸைப் பற்றிச் சொன்னார். 2008 பெய்ஜிங், 2012 லண்டன், இரண்டு ஒலிம்பிக்கிலும் தங்கம். 2007 முதல் 2013 வரை உலகச் சாம்பியன் போட்டியில் தொடர்ந்து நான்கு தங்கம். நீங்களும் கை தட்டினீர்கள். உடனே எதிரணி அண்ணன் எழுந்து என்ன சொன்னார்? “குண்டு எறிய ஆள் குண்டாக இருந்தால் போதும். அந்த உடம்பு வீடு கொடுத்த சொத்து. இதில் பிடிவாதம் எங்கே வந்தது?”

நீங்கள் எல்லாரும் சிரித்தீர்கள். முதல் வரிசையில் யார் யார் சிரித்தது என்று நான் பார்த்து வைத்திருக்கிறேன்.

அண்ணே, குண்டு எறிய குண்டாக இருக்க வேண்டும் என்றால், ஈட்டி எறிபவர் ஈட்டி மாதிரி இருக்க வேண்டுமா? கோலூன்றித் தாண்டுபவர் கோல் மாதிரியா? சாயங்காலம் நாசி கண்டார்க் கடையில் “குவா பஞ்சிர்”, அதாவது குழம்பை வெள்ளமாக ஊற்று என்று மூன்று முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டீர்கள், நடுவரே சாட்சி. உடம்புதான் காரணம் என்றால் நீங்கள் இந்நேரம் இரண்டு ஒலிம்பிக் பார்த்திருக்க வேண்டாமா?

முதலில், அது எறிவதே இல்லை. பேச்சுக்கு எறிதல் என்கிறோம். கழுத்தோடு அழுத்தி வைத்துத் தள்ள வேண்டும். 4 கிலோ இரும்பு. உங்கள் வீட்டு அரிசிப் பை 5 கிலோ, அதைக் காரிலிருந்து அடுப்படிக்குக் கொண்டுபோகவே நாம் மகனைக் கூப்பிடுகிறோம். அந்த வட்டத்தின் குறுக்களவு 2.135 மீட்டர். மைதானத்துக்கு முதுகைக் காட்டிக் குனிந்து, ஒற்றைக் காலில் பின்பக்கமாக வழுக்கி வந்து, திரும்பித் தள்ளிவிட்டு, வட்டத்தைத் தாண்டாமல் நிற்க வேண்டும். 2011இல் தென்கொரியாவின் தேகுவில் வேலரி அப்படித் தள்ளியது 21.24 மீட்டர். அடிக் கணக்கில் கிட்டத்தட்ட 70.

அடி என்றதும் ஞாபகம் வருகிறது. அண்ணன் சொன்ன அதே வாக்கியத்தை நான் ஐந்தாம் ஆண்டு படிக்கும்போதே கேட்டுவிட்டேன். பள்ளி விளையாட்டுப் போட்டிக்கு ஆள் எடுத்த ஆசிரியர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “நீ ஓட வேண்டாம். குண்டு எறி.” பள்ளியின் நீல இல்ல அணியே சிரித்தது. எங்கள் அணிதான்!

வீட்டுக்கு வந்தேன். பயிற்சி எடுக்க இரும்புக் குண்டுக்கு எங்கே போவது? அடுப்படியில் அம்மிக் குழவி இருந்தது. அது நீளம், கழுத்தில் வைத்தால் காதில் இடிக்கும். இடித்தது. பரவாயில்லை என்று கொல்லையில் நின்று ஒரே தள்ளு. வேலிக்கு அந்தப் பக்கம் சீன ஆண்ட்டியின் பப்பாளி மரம். குழவி போய் மரத்தில் மோதி, பப்பாளி கீழே, கோழி கூரை மேலே. சரியாக அந்த நேரம் பார்த்துச் சட்னி அரைக்க அம்மா குழவியைத் தேடுகிறார்.

கையில் விளக்குமாறு. வந்து நின்றார். பப்பாளியைப் பார்த்தார், கோழியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கேட்டார்: “எத்தனை அடி?”

நான் சொன்னேன்: “மூணு போதும்மா.”

இன்னொரு தடவை சொல்கிறேன், பின்வரிசைக்குக் கேட்கவில்லை போலிருக்கிறது. அம்மா கேட்டது, குழவி எத்தனை அடி போனது என்று! விளக்குமாற்றைக் கீழே போட்டுவிட்டு, பாதத்தைப் பாதத்தோடு ஒட்டி வைத்து அவரே அளந்தார். 11 அடி. “நாளைக்கு 12 வரணும்” என்றார். அன்றைக்கு எங்கள் வீட்டில் சட்னி இல்லை.

சரி, தலைப்புக்கு வருகிறேன். லண்டனில் வேலரியின் பெயரையே போட்டியாளர் பட்டியலில் விட்டுவிட்டார்கள், அவருடைய அணி நிர்வாகத்தின் தவறு. கடைசி நேரத்தில்தான் சேர்த்தார்கள். (தோக்கியோ பாராலிம்பிக்கில் நம்ம மலேசியக் குண்டு எறிதல் வீரர் ஸியாத் நேரத்துக்கு வரவில்லை என்று தங்கம் கைவிட்டுப் போனதே, அந்த வயிற்றெரிச்சல் நமக்குத் தெரியும்.) அந்தக் கலக்கத்தோடு 20.70 மீட்டர் தள்ளி வெள்ளி. ஒரு வாரத்தில், முதலில் வந்த பெலாரஸ் வீராங்கனை ஊக்கமருந்தில் மாட்டினார். தங்கம் இவருக்கு வந்தது. ஆனால் லண்டன் மேடையில் இல்லை, ஊர் திரும்பி ஆக்லாந்தில் கழுத்தில் போட்டார்கள். 36 வயதில், இரண்டு பிள்ளை பெற்ற பிறகு, தோக்கியோவில் வெண்கலம். இது பிடிவாதம் இல்லாமல் வேறென்ன?

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், என் அணித் தலைவர் முறைத்தாலும் சரி. வேலரியின் அம்மா தோங்கா தீவுக்காரர், பெயர் லிலிகா. 2000இல் புற்றுநோய் அவரைக் கொண்டுபோய்விட்டது. மகளுக்கு 15 வயது. அடுத்த வருடமே அந்தப் பெண் ஹங்கேரிக்குப் போய் உலக இளையோர் தங்கத்தை வாங்கினாள். பிறகு எத்தனை பதக்கம், எத்தனை மேடை! வீட்டுக்கு வந்தால் “எத்தனை அடி?” என்று கேட்க அம்மா இல்லை. தோக்கியோவில் வெண்கலம் வென்றதும் அவர் தூக்கிக் காட்டியது தன் இரண்டு பிள்ளைகளின் படத்தை. அதே தோக்கியோவில் பாராலிம்பிக் குண்டு எறிதலில் தங்கம் வாங்கியவர் தங்கை லிசா. பயிற்சியாளர் யார்? வேலரி. “எத்தனை அடி?” என்று தங்கையைக் கேட்க அக்கா நின்றார்.

இது எதிரணிக்குப் போகிற புள்ளி என்று தெரியும், நடுவரே. மணியும் அடித்துவிட்டீர்கள். மார்க்கை யாருக்கு வேண்டுமானாலும் போடுங்கள்.

என் அம்மா மூன்றாவது வரிசையில், பச்சைச் சேலையில் உட்கார்ந்திருக்கிறார். நான் இறங்கிப் போனதும் நல்லா பேசினியா என்று கேட்க மாட்டார். எத்தனை பேர் கை தட்டினாங்க என்றுதான் கேட்பார். கொஞ்சம் பார்த்துச் செய்யுங்கள். வணக்கம்.