தடைக்காலத்தில் கூடுவது நெத்திலியா, சுறாவா?

சரி, அடுத்த கேள்வி. தேவனாம்பட்டினத்துத் தம்பி ஒருவர் அனுப்பியிருக்கிறார். "ஐயா, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் எங்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. அந்த நாட்களில் எல்லா மீனும் ஒரே மாதிரி பெருகுமா? இதற்கெல்லாம் கணக்குப் போட முடியுமா?" முந்தாநாள் படித்தேன். ராத்திரி தூக்கம் போய்விட்டது, சந்தோஷத்தில். கிட்டத்தட்ட இதே கேள்வியை நூறு வருஷத்துக்கு முன்னால் இத்தாலியில் ஒருவர் கேட்டார்.

முதல் உலகப் போரில் ஏட்ரியாட்டிக் கடலில் மீன்பிடிப்பு வெகுவாகக் குறைந்துபோனது. உம்பெர்த்தோ தான்கோனா என்ற உயிரியலாளர் பிறகு துறைமுகச் சந்தைக் கணக்குகளைப் புரட்டிப் பார்த்தார். ஃபியூமே துறைமுகத்துக்கு 1914இல் வந்த மீனில் சுறா, திருக்கை வகை 11.9 சதவீதம். 1918இல் 36.4. வலை குறைந்தால் எல்லா மீனுக்கும்தானே கொண்டாட்டம், இவற்றின் பங்கு மட்டும் ஏன் மூன்று மடங்கு? மாமனாராகப் போகிறவரிடம் கேட்டார். அந்த மாமனார் வீட்டோ வோல்டெரா, பேர்பெற்ற கணித மேதை. பெண் வீட்டில் போய்ச் சுறாக் கணக்குப் பேசிய மாப்பிள்ளை! 1926இல் வோல்டெரா விடையை வெளியிட்டார். அமெரிக்காவில் ஆல்ஃபிரட் லோட்கா என்ற அறிஞர் அதே சமன்பாடுகளைத் தனியாகவே 1925இல் எழுதியிருந்தார்.

பழைய வீடியோ பார்த்தவர்களுக்கு நம் தண்ணீர்த் தொட்டி ஞாபகம் இருக்கும். மோட்டாரில் வருவது வரவு, குழாயில் போவது செலவு. இங்கே இரண்டு தொட்டி. இரையாகிற சின்ன மீனுக்கெல்லாம் நெத்திலி என்றே பேர் வைப்போம். சுறாத் தொட்டிக்கு வரவு, அது தின்கிற நெத்திலி. செலவு, சாவு. வலை போட்டால் சுறாவுக்குச் செலவு கூடுகிறது. அதை ஈடுகட்ட முன்பைவிட அதிக நெத்திலி கடலில் இருந்தாக வேண்டும். நெத்திலித் தொட்டியிலோ, வலை அதன் பெருக்கத்தில் கைவைப்பதால் அது தாங்குகிற சுறாக்களின் எண்ணிக்கை இறங்குகிறது. ஆக, அளவாக வலை போட்டால் சராசரியில் நெத்திலி கூடும், சுறா குறையும். வலையை எடுத்தால் தலைகீழ். வரவு, செலவு, அவ்வளவுதான். நூறு தடவை சொல்லியாகிவிட்டது, இன்னும் சொல்வேன்.

அப்படியானால் நம் தடைக்காலத்தில் சுறா பெருகுமா? அவசரப்படாதீர்கள். போர் நாலு வருஷம், தடை 61 நாள். சுறா பருவத்துக்கு வரவே பல வருஷம் ஆகும், போடுவதும் கொஞ்சம் குட்டிகள்தான். நெத்திலிக்குச் சில மாதங்கள் போதும். அதனால் இரண்டு மாதத்தில் முந்துவது சின்ன மீன்தான் என்பது என் கணிப்பு. நாட்டுப்படகுகள் வேறு போய்க்கொண்டுதான் இருக்கின்றன. நீரோட்டம், கடலின் சூடு எதையும் வோல்டெரா கணக்கில் சேர்க்கவில்லை.

ஆனால் தம்பி, நீங்கள் கேட்காத கேள்வி ஒன்று உண்டு. வலை இருந்த இடத்தில் பூச்சிமருந்தை வைத்துப் பாருங்கள். காட்டுமன்னார்கோயில் பக்கம் என் பெரியப்பாவுக்கு நெல் வயல். ஒரு வருஷம் புகையான் வந்தது, நெல் தண்டில் சாறு உறிஞ்சுகிற பூச்சி. கடைக்காரர் சொன்ன மருந்தை அடித்தார். பத்து நாளில் மறுபடியும் பூச்சி, மறுபடியும் மருந்து. மூன்றாவது தடவைக்குப் பிறகு பயிர் வட்ட வட்டமாகத் தீய்ந்து கிடந்தது. தூரை விலக்கிக் காட்டினார், அடித்தண்டில் அப்பிக்கொண்டிருக்கிறது புகையான். ஒரு சிலந்தி இல்லை. மருந்து இரண்டையும்தான் கொன்றது. ஆனால் புகையானின் முட்டை இலையுறைக்குள் பத்திரமாக இருந்தது. அதைத் தின்கிற சிலந்தி மேலே அலைந்து மருந்தில் மாட்டியது. மிஞ்சிய சிலந்திக்கும் இரை இல்லை, வரவு நின்றது. வோல்டெராவின் சுறாதான் அந்தச் சிலந்தி. பெரியப்பாவிடம் இதைச் சொன்னேன். "கடலுக்கும் என் வயலுக்கும் என்னடா சம்பந்தம்" என்றார்.

தம்பிக்கு ஒரு வேலை. ஜூன் 15க்குப் பிறகு படகுகள் கரைக்கு வரும்போது, முதல் வாரம் ஏலத்துக்கு வருகிற கூடைகளில் திருக்கை எத்தனை, சுறா எத்தனை, சின்ன மீன் எத்தனை என்று நாள் போட்டு ஒரு நோட்டில் குறித்து அனுப்புங்கள். அடுத்த வருஷமும் குறிக்க வேண்டும், சொல்லிவிட்டேன்.