எவ்வளவு தின்றாலும் ஏறாத உடம்பு

நேயர்களுக்கு வணக்கம்.

உடம்பைக் குறைக்க வழி சொல்கிறவர்களுக்கு இன்று பஞ்சமே இல்லை. தொலைக்காட்சியைத் திருப்பினால் ஒருவர், கைப்பேசியைத் திறந்தால் நான்கு பேர். உடம்பு ஏறவே மாட்டேன் என்கிறதே என்று தவிக்கிறவனுக்கு யாரும் எதுவும் சொல்வதில்லை. சொன்னாலும் கேலிதான். ‘காற்றடித்தால் பறந்துவிடுவாய்’, ‘வீட்டில் சோறு போடுவதில்லையா’ என்று கல்யாண வீட்டில் நாலு பேர் முன்னால் கேட்பார்கள். குண்டாக இருப்பவனை அப்படிக் கேட்கத் தயங்குகிற மனிதர்கள்கூட ஒல்லியாக இருப்பவனிடம் தயங்குவதில்லை.

நான் இந்தக் கரையோரப் பள்ளிகளில் உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். இப்போதும் விடியற்காலையில் கடற்கரை மணலில் பையன்களுக்குக் கபடியும், காவலர் தேர்வுக்கு ஓட்டமும் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கிறேன். நம் மாவட்டத்துப் பையன்களுக்குக் காக்கிச் சட்டை மேல் இருக்கிற ஆசை உங்களுக்கே தெரியும். அந்தத் தேர்வில் ஆண்களுக்கு மார்பளவு 81 சென்டிமீட்டர் வேண்டும். மூச்சை இழுத்து விரித்தால் இன்னும் 5 சென்டிமீட்டர் கூட வேண்டும். உயரம் இருக்கும், எழுத்துத் தேர்வில் மதிப்பெண் இருக்கும், டேப்பைச் சுற்றினால் 78-இல் நிற்கும். அப்படி வெளியே வந்த பையன்களின் முகத்தை நிறையப் பார்த்தவன் என்பதால்தான் இன்று இதைப் பேச வந்தேன்.

அப்படி ஒரு பையன். ராமேஸ்வரம் போகிற வழியில் இருக்கிற மண்டபம் ஊர்ப் பக்கம் வீடு. அப்பா விசைப்படகில் கூலிக்குப் போகிறவர், அம்மா மீன் கூடை சுமந்து வியாபாரம். அப்போது பன்னிரண்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தான். நெடுநெடுவென்று உயரம், எடை 52 கிலோ. ஓராண்டாக அதே 52. ‘சார், நான் எவ்வளவு தின்றாலும் ஒட்டவே மாட்டேன் என்கிறது. எங்கள் அப்பத்தாவைக் கேட்டுப் பாருங்கள், ராத்திரி ஒரு சட்டிச் சோறு தின்கிறேன்’ என்றான். ஒருநாள் வீட்டுக்கே போனேன். அப்பத்தா திண்ணையில் உட்கார்ந்திருந்தார். ‘ஆமாம் வாத்தியாரே, சட்டியை வழித்துத்தான் வைக்கிறான், எங்கேதான் போகிறதோ’ என்றார். பொய்யில்லை. அன்று இரவு அவன் சாப்பிட்டதை நான் பக்கத்தில் உட்கார்ந்தே பார்த்தேன். நிஜமாகவே சட்டிச் சோறுதான்.

அவனிடம் ஒரு பழைய நோட்டைக் கொடுத்து, ஒரு வாரம் வாயில் போடுவதை எல்லாம் எழுது என்றேன். கூடுதலாகவும் வேண்டாம், குறைவாகவும் வேண்டாம். என்னை மகிழ்விக்க எழுதாதே, உள்ளதை எழுது என்றேன். எழுதிக்கொண்டு வந்தான். படித்துப் பார்த்தால் எல்லா நாளும் ஏறக்குறைய ஒரே நாள்தான். விடிந்ததும் டீ, ஓட்டம் முடிந்து டீயும் ஒரு பன்னும், பள்ளிக்கு ஒரு டப்பா எலுமிச்சைச் சோறு, சாயங்காலம் டீயும் இரண்டு வடையும், விளையாட்டு முடிந்து மறுபடி டீ, ராத்திரி அந்தச் சட்டிச் சோறும் மீன் குழம்பும். கூட்டிப் பார்த்தேன். சுமார் 2,400 கலோரி. அதில் பாதிக்குக் கொஞ்சம் குறைவு அந்த ஒரு ராத்திரிச் சாப்பாட்டிலேயே இருந்தது. வீட்டில் எல்லோரும் பார்ப்பது அந்தச் சட்டியை மட்டும்தான். காலை ஐந்து மணியிலிருந்து மாலை ஏழு மணி வரை அவன் வயிறு எப்படிக் கிடந்தது என்று யாரும் பார்க்கவில்லை. அவனே பார்க்கவில்லை.

ஓராண்டாக எடை ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை என்றால் என்ன பொருள்? உள்ளே போனதும் உடம்பு செலவழித்ததும் சரியாகப் போய்விட்டது என்று பொருள். எடை ஏற வேண்டுமானால் அதற்கு மேல் தினமும் ஒரு 300 முதல் 500 கலோரி உள்ளே போக வேண்டும். ஒருநாள் கல்யாணச் சாப்பாட்டில் சேர்த்துப் போட்டுக்கொள்ளலாம் என்றால் நடக்காது. தினமும் போக வேண்டும். இதைத்தான் நான் வந்தவனிடம் எல்லாம் திரும்பத் திரும்பச் சொல்கிறேன், இன்றும் இரண்டு மூன்று தடவை சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இங்கே டீயைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக என்னால் முடியாது. என் மாணவர்கள் இந்த இடத்தில் சிரிப்பார்கள், ‘சார் ஆரம்பித்துவிட்டார்’ என்று. டீக்கடை நமக்கு ஊர்ச் செய்தி, வேலைச் செய்தி, கடல் செய்தி எல்லாம் கிடைக்கிற இடம். அதைக் குறை சொல்லவில்லை. வளர்கிற பையன் பசிக்கிற நேரத்தில் எல்லாம் டீயை ஊற்றி அந்தப் பசியை அடக்கிவிடுகிறான் என்பதுதான் என் சண்டை. ஒரு கிளாஸ் டீயில் இருப்பது கொஞ்சம் பால், கொஞ்சம் சர்க்கரை. அந்த நேரத்தில் வயிறு கேட்டது சாப்பாடு. டீ வந்து ‘பொறு’ என்று சொல்லிவிடுகிறது. நாலு தடவை பொறுத்த வயிறு ராத்திரி ஒரேயடியாகக் கேட்கிறது. ஒரு சட்டி தின்றுவிட்டு அவனுக்கே ‘நான் நிறையத் தின்கிறேன்’ என்று நினைப்பு வந்துவிடுகிறது. இன்னொன்று: சாப்பாட்டோடு சேர்த்து டீ குடித்தால் சாப்பாட்டில் இருக்கிற இரும்புச் சத்து உடம்பில் சேர்வது குறையும். வீட்டில் ரத்தசோகை இருக்கிற பெண் பிள்ளைகள் இருந்தால் தாய்மார்கள் இதைக் கவனியுங்கள். டீயை விட்டுவிடு என்று நான் சொன்னால் யாரும் கேட்கப்போவதில்லை. சாப்பிட்டுவிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடி என்கிறேன், அதைக் கொஞ்சப் பேர் கேட்கிறார்கள்.

சின்னப் பிள்ளைகளுக்கு இப்போது பள்ளியில் காலை உணவு இருக்கிறது. 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கி வைத்த திட்டம், ஐந்தாம் வகுப்பு வரைக்கும். மதியச் சத்துணவு பத்தாம் வகுப்பு வரைக்கும். அதற்கு மேல்? தோள் விரிகிற வயது, மீசை அரும்புகிற வயது, மணலில் இரண்டு மணி நேரம் கபடி ஆடுகிற வயது. அந்த வயதில் காலையும் இல்லை, மதியமும் இல்லை. வீட்டிலோ அம்மா விடிவதற்குள் மீன் எடுக்கப் போயிருப்பார். எனக்கு அதிகாரம் இருந்தால் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புக்குத்தான் முதலில் காலைச் சாப்பாடு போடுவேன்.

சரி, அந்தப் பையனுக்கு வருகிறேன். கூடுதலாகச் சாப்பிடு என்றால் இன்னொரு சட்டிச் சோறு சாப்பிடு என்று பொருள் இல்லை. அது முடியாது. சமைத்த சோற்றில் பெரும்பகுதி தண்ணீர்தான். 100 கிராம் சோற்றில் 130 கலோரி. 500 கலோரி வேண்டுமென்றால் கிட்டத்தட்ட 400 கிராம் சோறு, அதற்கு மேல் ரசம், மோர், தண்ணீர். வயிறு முட்டிவிடும், இரண்டாம் நாளே வெறுத்துவிடுவான். அதே 100 கிராம் நிலக்கடலையை எடுங்கள், 560 கலோரிக்கு மேல் இருக்கிறது, 25 கிராம் புரதமும் இருக்கிறது. கொழுப்பில் ஒரு கிராமுக்கு 9 கலோரி, மாவுச்சத்திலும் புரதத்திலும் 4. பசி குறைவாக உள்ளவன் இடம் குறைவாகப் பிடிக்கிற சாப்பாட்டைத் தேட வேண்டும். அதற்கு நாம் வெளியூருக்குப் போக வேண்டியதில்லை. கடலை, எள், தேங்காய், நல்லெண்ணெய், கருப்பட்டி என்று எல்லாம் இங்கேயே இருக்கிறது. நோன்புக் கஞ்சியை எடுத்துக்கொள்ளுங்கள். அரிசி, பாசிப்பருப்பு, கறி, தேங்காய்ப்பால் எல்லாம் ஒரே கிண்ணத்தில். கீழக்கரைத் தொதல் என்கிற இனிப்பும் அப்படித்தான், சின்னத் துண்டில் தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் அடர்ந்து கிடக்கும். தினமும் தொதல் தின்னச் சொல்லவில்லை, சர்க்கரை நோய்க்காரர்கள் யாரும் என் பேரைச் சொல்லிச் சாப்பிட்டுவிடாதீர்கள்.

நான் அவனுக்குச் சொன்னது குடிக்கிற சாப்பாடு. மெல்ல முடியாதவனுக்கும் குடிக்க முடியும், குடித்தது சீக்கிரம் இறங்கிவிடும். எழுதிக்கொள்ள வேண்டாம், மனதில் நிற்கும்: இரண்டு கை கேழ்வரகு மாவைக் கஞ்சியாகக் காய்ச்சி, ஒரு டம்ளர் பால், வறுத்துப் பொடித்த நிலக்கடலை ஒரு கைப்பிடி, ஒரு துண்டு கருப்பட்டி. அவ்வளவுதான். ஏறக்குறைய 500 கலோரி. ராத்திரியே அப்பத்தா செய்து வைத்துவிடுவார், ஓட்டம் முடிந்து வந்ததும் டீக்கடைக்குப் போகாமல் வீட்டுக்கு வந்து குடிப்பான். முதல் வாரம் ‘வயிறு கனமாக இருக்கிறது சார்’ என்றான். பாதி டம்ளரில் தொடங்கு என்றேன். குடலும் பழக வேண்டும். நேற்று வரை டீ குடித்த வயிற்றில் இன்று ஒரு சொம்பு ஊற்றினால் அது ஏற்காது.

பள்ளிக்குப் போகும்போது சட்டைப் பையில் கடலை, இரண்டு வாழைப்பழம். இதற்கும் வெட்கப்பட்டான். கடலை கொறிப்பது என்ன பெரிய ரகசியமா!

சதை வேண்டுமென்றால் புரதம் வேண்டும். உடற்பயிற்சி செய்கிறவன் ஒரு கிலோ எடைக்குச் சுமார் 1.6 கிராம் எடுத்தால் போதும். 52 கிலோ பையனுக்கு 80 கிராமை ஒட்டி வரும். கடற்கரையில் பிறந்தவனுக்கு இது ஒரு கஷ்டமா? ஆனால் இங்கேயும் ஒரு கோளாறு. நண்டும் இறாலும் கம்பெனிக்குப் போகும், சீலா சந்தைக்குப் போகும். மிச்சம் இருக்கிற சூடை மீனையும் நெத்திலியையும் ‘இதெல்லாம் ஒரு மீனா’ என்று தள்ளுவார்கள். 100 கிராம் சூடையில் கிட்டத்தட்ட 20 கிராம் புரதம் இருக்கிறது. விலை உயர்ந்த மீனிலும் அவ்வளவுதான் இருக்கிறது. குழம்பை ஊற்றிச் சோறு தின்கிறோமே தவிர, மீனை எத்தனை பேர் வயிறாரத் தின்கிறோம்? குழம்பில் மிதப்பது இரண்டு துண்டு, அதிலும் ஒன்று தம்பிக்கு. மீன் பிடிக்கிற வீட்டிலேயே இப்படி.

அடுத்து ஓட்டம். காவலர் தேர்வுக்கு 1,500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓட வேண்டும். அதற்காகப் பையன்கள் தினமும் பத்துக் கிலோமீட்டர் ஓடுகிறார்கள். ஒரு கிலோ எடைக்கு, ஒரு கிலோமீட்டருக்கு, ஏறக்குறைய ஒரு கலோரி செலவாகும். 52 கிலோ பையன் பத்துக் கிலோமீட்டர் ஓடினால் 520. அப்பத்தா காய்ச்சி வைத்த டம்ளர் முழுக்க மணலில் போய்விட்டது. எடை ஏற்ற வேண்டிய காலத்தில் தூரத்தைக் குறைத்துக்கொள். தண்டால், பஸ்கி, கயிறு ஏறுதல், மணல் மூட்டை தூக்குதல் என்று பளு சேர்கிற பயிற்சியைக் கூட்டு. பளுவே இல்லாமல் தின்றால் தொப்பைதான் வரும்.

ஒல்லியானவர்கள் எல்லோரும் ஏமாற்றுகிறார்கள் என்று நான் சொல்வதாக நினைக்காதீர்கள். உடம்புக்கு உடம்பு வித்தியாசம் உண்மையில் உண்டு. 1999-இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ஜேம்ஸ் லெவைன் என்ற மருத்துவரும் அவர் குழுவினரும் 16 பேருக்கு எட்டு வாரம், தேவைக்கு மேல் தினமும் 1,000 கலோரி கொடுத்துப் பார்த்தார்கள். ஒருவருக்கு ஏறிய கொழுப்பு அரைக் கிலோகூட இல்லை, இன்னொருவருக்கு 4 கிலோவுக்கு மேல். என்ன காரணம்? கொழுப்பு ஏறாதவர்கள் தங்களுக்கே தெரியாமல் கூடுதலாக அசைந்துகொண்டிருந்தார்கள். எழுந்து நடப்பது, கையைக் காலை ஆட்டுவது, சும்மா இருக்க முடியாமல் இருப்பது. படகு கரையில் நின்றாலும் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தால் டீசல் குறையத்தானே செய்யும்? அப்பத்தாக்கள் ‘காலை ஆட்டாதே’ என்று அதட்டுவது வேறு காரணத்துக்காக இருக்கலாம், எனக்கு அது பிடித்த அதட்டல். அப்படிப்பட்ட உடம்பு வாய்த்தவன் 300 கூட்டியும் ஏறவில்லை என்றால் இன்னும் 200 கூட்ட வேண்டும், அவ்வளவுதான். தினமும்.

அந்தப் பையன் ஆறேழு மாதத்தில் 58-ஐத் தொட்டான். மாதம் ஒரு கிலோ, சில மாதம் அதுவும் இல்லை. மீன் ஏலம் விடுகிற இடத்துத் தராசில் ஏறி நிற்பான், வாரத்துக்கு ஒருமுறை, அதே காலை நேரத்தில். மீன்பிடித் தடைக்காலம் 61 நாளும் அப்பா வீட்டில் இருந்ததால் அந்த இரண்டு மாதம் நன்றாக ஏறியது; வீட்டில் நேரத்துக்கு அடுப்பு எரிந்தது. மார்பளவில் தேறிவிட்டான். தேர்வில் கயிறு ஏறுவதில் தவறவிட்டான், அது வேறு கதை.

கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து வானொலி நிலையத்து நண்பர் இரண்டு விரலைக் காட்டுகிறார், இன்னும் இரண்டு நிமிடம்தான் என்று. தூக்கம், பொடி, மருத்துவர் என்று மூன்று விஷயம் வைத்திருந்தேன். தூக்கத்தை விட்டுவிடுகிறேன். ராத்திரி கைப்பேசி பார்க்கிற பையனுக்கு நான் சொல்லப்போவது என்னவென்று தெரியும்.

‘பத்து நாளில் பத்துக் கிலோ’ என்று பேர் தெரியாத டப்பாவில் விற்கிற பொடியை வாங்காதீர்கள். அப்படிப்பட்ட பொடிகளில் ஸ்டீராய்டும் பசியைத் தூண்டும் மாத்திரையும் கலந்திருப்பது பல இடங்களில் பிடிபட்டிருக்கிறது. முகம் ஊதுவது சதை அல்ல. ஜிம்மில் யாராவது ஊசி போடச் சொன்னால் அன்றே அந்த ஜிம்மை விட்டு வந்துவிடுங்கள்.

கடைசியாக, இதை முதலில் சொல்லியிருக்க வேண்டும், நேரம் இழுத்துவிட்டது. ஒல்லியாகவே இருப்பது ஒன்று, இருந்த எடை காரணமில்லாமல் குறைவது வேறு. குறைந்தால் கஞ்சி காய்ச்சிக்கொண்டு உட்காராதீர்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், சாயங்காலக் காய்ச்சல், ராத்திரி வியர்வை இருந்தால் அரசு மருத்துவமனையில் சளிப் பரிசோதனை இலவசம், காசநோய்க்கு மருந்தும் இலவசம். அடிக்கடி தாகம், அடிக்கடி சிறுநீர் என்றால் சர்க்கரையைப் பாருங்கள், இளம் வயதிலும் வரும். படபடப்பும் கை நடுக்கமும் இருந்தால் தைராய்டு. பள்ளியில் குடற்புழு மாத்திரை கொடுக்கிற நாளில் பிள்ளையை விடுப்பு எடுக்க விடாதீர்கள். தவறினால் விடுபட்டவர்களுக்கென்று இன்னொரு நாள் வைப்பார்கள், அன்று கேட்டு வாங்குங்கள். இன்னும் சிறுகுடல்

நண்பர் கையையே தூக்கிவிட்டார். வணக்கம், நேயர்களே.