நண்டு மெதுவாகத்தான் ஊரும்

நேயர்களுக்கு வணக்கம். கோடை விடுமுறைக்கு ஏற்ற மாதிரி ஏதாவது பேசுங்கள் என்று நிலையத்திலிருந்து கேட்டார்கள். ஊட்டி, கொடைக்கானல் என்று பேசுவேன் என எதிர்பார்த்திருப்பார்கள். நான் பேச வந்திருப்பது வரிசையைப் பற்றி. மே மாத வெயிலில், பொழுதுபோக்குப் பூங்காவில், இடுப்பில் இரண்டரை வயதுப் பிள்ளையோடு நிற்கிறோமே, அந்த வரிசை.

நான் இருபத்திரண்டு வருடம் பாலர் பள்ளியில் வேலை பார்த்தவள். முப்பது பிள்ளைகளை ஒரே அறையில் சமாளித்தவளுக்கு ஒரு பேத்தி எம்மாத்திரம் என்ற நினைப்பு எனக்கு இருந்தது. போன கோடையில் அந்த நினைப்பு போயிற்று.

ஒரு பூங்கா. பெயர் வேண்டாம். மகள், மருமகன், பேத்தி, நான், நான்கு பேரும் போயிருந்தோம். மேடேறி இறங்குகிற குட்டி ரயில் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. பேத்தி அதைப் பார்த்ததும் 'கூ' என்றாள். அவ்வளவுதான், போய் நின்றுவிட்டோம். நாற்பது நிமிடம். படியேறப் போகும்போது அங்கே நின்ற பையன் ஒரு மஞ்சள் கம்பைக் காட்டினான். கம்பில் ஒரு கோடு. பேத்தியின் உச்சந்தலை கோட்டுக்கு நாலு விரற்கடை கீழே நின்றது. பாதுகாப்புக்காக வைத்த அளவு, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்தக் கம்பை வரிசையின் வால் பக்கம் நட்டிருக்கலாம் இல்லையா? மருமகன் சண்டைக்குப் போனார், பேத்தி தரையில் உட்கார்ந்து அழுதாள், நான் என் பங்குக்கு மகளைத் திட்டினேன்.

அதனால் கிளம்புவதற்கு முன் பிள்ளையைச் சுவரோரம் நிறுத்தி அளந்துவிடுங்கள். இரண்டரை வயதில் பெரும்பாலான பிள்ளைகள் 90 சென்டிமீட்டரை ஒட்டித்தான் இருப்பார்கள். பெரிய ராட்டினங்கள் பலவற்றில் அந்த உயரத்துக்கு இடமில்லை. உள்ளே போனதும் எதெல்லாம் நம் பிள்ளைக்கு ஆகும் என்று கேட்டுவிட்டு, அப்புறம் வரிசையில் சேருங்கள்.

சரி, வரிசைக்கு வருவோம்.

காத்திருப்பது ஏன் இவ்வளவு நீளமாகத் தோன்றுகிறது என்பதைப் பற்றி டேவிட் மைஸ்டர் என்பவர் 1985-இல் எழுதினார். கடை, உணவகம் போன்ற இடங்களில் நிற்கிற வரிசைகளைப் பற்றியது. கையில் வேலை இல்லாத நேரம், வேலை இருக்கும் நேரத்தைவிட நீளமாகத் தெரியும். எவ்வளவு நேரம் ஆகும் என்று தெரியாத காத்திருப்பு, தெரிந்த காத்திருப்பைவிட நீளமாகத் தெரியும். இந்த இரண்டும் அவர் சொன்னதில் முக்கியமானவை. பெரியவர்களுக்கு இது சரி. இரண்டரை வயதுக்குக் கடிகாரம் ஏது? 'இன்னும் அரை மணி நேரம்' என்று சொன்னால் அவளுக்குப் புரியப் போவதில்லை. 'அதோ சிவப்புத் தொப்பி மாமா ஏறினதும் நாம' என்றால் புரிகிறது. பேத்தி அந்தத் தொப்பியைக் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டே வந்தாள். ஒரு சங்கடம், அவர் நடுவில் தொப்பியைக் கழற்றிப் பைக்குள் வைத்துவிட்டார்.

இன்னொன்று. வரிசையில் ஒருதரம் குனிந்து, பிள்ளையின் கண் உயரத்திலிருந்து பாருங்கள். முழங்கால்கள். கைப்பைகளின் அடிப்பாகம். வெயிலில் காய்ந்து தொட்டால் சுடுகிற இரும்புக் கம்பி. நாம் மேலே நின்று ராட்டினம், கொடி, கூட்டம் என்று பார்த்துக்கொண்டிருக்கிறோம். பிள்ளை ஏன் கம்பிக்கு அடியில் புகுந்து ஓடுகிறது என்று அப்போது தெரியும். பத்து நிமிடம் கீழே, பத்து நிமிடம் இடுப்பில் என்று மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். இடுப்புவலி இருக்கிறவர்கள் மருமகனிடம் கொடுக்கலாம்.

கையில் என்ன கொண்டுபோவது என்று எல்லோரும் கேட்பார்கள். பொம்மை கீழே விழும், பக்கத்து வரிசைக்கு உருளும். நான் சொல்வது, பிள்ளையின் உள்ளங்கையே போதும் என்பதுதான். பருப்புக் கடைகிற விளையாட்டு உங்களுக்கு மறந்திருக்காது. பிள்ளையின் உள்ளங்கையை விரித்து, நம் முழங்கையால் கடைந்து, சோறு பிசைந்து, ஒவ்வொரு விரலாக மடக்கி, அம்மாவுக்குக் கொஞ்சம், அப்பாவுக்குக் கொஞ்சம் என்று பரிமாறுவோம். அப்புறம் நண்டு ஊரும், நரி ஊரும். இரண்டு விரல் மணிக்கட்டிலிருந்து கிளம்பி, முழங்கை தாண்டி, அக்குளுக்குப் போய்க் கிச்சுக்கிச்சு மூட்டும்.

எங்கள் பள்ளியில் இதைப் பல வருடம் பார்த்திருக்கிறேன். கிச்சுக்கிச்சு மூட்டிய பிறகு பிள்ளை சிரிக்கிறது, உண்மைதான். ஆனால் அதற்கு முன்னால், நண்டு முழங்கைக்கு வந்து நிற்கும்போது பிள்ளையின் முகத்தைப் பாருங்கள். தோள் ஒடுங்கும், மூச்சு நிற்கும், கண் அகலமாகும். அந்தக் குறுகுறுப்பில்தான் விளையாட்டே இருக்கிறது. நண்டு அவசரப்பட்டால் எல்லாம் வீண். காத்திருக்கிற சுகத்தை நம் பாட்டிமார் பிள்ளையின் கையிலேயே பழக்கி வைத்திருக்கிறார்கள். அதனால் வரிசையில் நண்டை மெதுவாக விடுங்கள். முழங்கையில் தண்ணீர் குடிக்க நிற்கட்டும். வழி மறந்து திரும்பி மணிக்கட்டுக்குப் போகட்டும். பருப்புச் சோற்றை முன்னால் நிற்கிற பச்சைச் சட்டை மாமாவுக்கும் கொஞ்சம் வைக்கலாம். எங்கள் பச்சைச் சட்டைக்காரர் திரும்பி, கையை நீட்டி, வாங்கிச் சாப்பிட்டார். இன்னும் கொஞ்சம் நெய் ஊற்றச் சொன்னார். அதில் ஏழு நிமிடம் போயிற்று.

கடவுளையோ பெரியவர்களையோ குழந்தையாக வைத்துப் புலவர்கள் பாடுகிற பிள்ளைத்தமிழில் பத்துப் பருவங்கள் உண்டு. அதில் அம்புலிப் பருவம் என்பது, குழந்தையோடு விளையாட வா என்று நிலாவைக் கூப்பிடுவது. சாமம், பேதம், தானம், தண்டம் என்று நான்கு வழியிலும் கூப்பிடுவார்கள். கொஞ்சிப் பார்ப்பார்கள், உனக்கும் இவனுக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது என்பார்கள், வந்தால் இன்னது கிடைக்கும் என்பார்கள், வராவிட்டால் மிரட்டுவார்கள். வரிசையில் அம்மாக்களைக் கவனியுங்கள், இதே நான்கையும் பிள்ளையிடமே காட்டிக்கொண்டிருப்பார்கள். தண்டத்துக்கு மட்டும் சீக்கிரம் வந்துவிடுவார்கள். புலவர்களின் வழி நல்ல வழி, கண்ணை எதன் மேலாவது திருப்பிவிடுவது. பகல் பன்னிரண்டு மணிக்கு நிலாவுக்கு எங்கே போவது என்றால், ராட்டினம் இருக்கிறது. ராட்டினத்தைக் கூப்பிடுங்கள். 'வா, கீழே வா' என்றால் கீழே வரும். 'போ' என்றால் மேலே போகும். சொன்ன பேச்சைக் கேட்கிற பொருள் உலகத்தில் ஒன்று இருக்கிறது என்பதே பிள்ளைக்குப் பெரிய விஷயம்.

சென்னையில் விஜிபி பொழுதுபோக்குப் பூங்காவுக்குப் போனவர்களுக்குச் சிலை மனிதரைத் தெரிந்திருக்கும். ராஜ உடுப்பில், இமைகூட அசையாமல் நிற்பார். அவரைச் சிரிக்க வைக்கக் கூட்டம் படாத பாடு படும். அதையே நாங்கள் வரிசைக்குக் கொண்டுவந்தோம். நான் சிலை. பேத்தி என்னைச் சிரிக்க வைக்க வேண்டும். மூக்கைப் பிடித்தாள், கண்ணாடியைக் கழற்றினாள், கடைசியில் என் காதில் 'பாட்டி, கக்கா' என்றாள். தோற்றுப்போனேன். பெரியவர்தான் சிலையாக நிற்க வேண்டும் என்பது இதில் முக்கியம். பிள்ளையைச் சிலையாக நிற்கச் சொன்னால் மூன்று நொடிதான்.

தின்ன என்ன கொடுப்பது? வெளிச் சாப்பாட்டுக்குப் பல பூங்காக்களில் தடை உண்டு, குழந்தைக்கானது என்றால் வாசலில் கேட்டுப் பாருங்கள். நான் கொண்டுபோனது ஒரு சின்ன எவர்சில்வர் டப்பாவில் அரிசிப் பொரி. ஒவ்வொன்றாக எடுத்து, விரலில் ஒட்டி, உதறி, மறுபடி எடுத்துத் தின்பதற்குள் வரிசை இரண்டு வளைவு போய்விடும். பாப்கார்ன், வேர்க்கடலை, முழுத் திராட்சை இந்த வயதுக்கு வேண்டவே வேண்டாம், தொண்டையில் அடைக்கும்.

போனைப் பற்றிச் சொல்லாவிட்டால் மகள் கோபிப்பாள். போன் கொடுப்பது பாவம் என்று நான் சொல்ல மாட்டேன். வெயிலில் திரை தெரியாது. அதோடு, ஏறுகிற நேரத்தில் அதைப் பிடுங்க வேண்டியிருக்கும். அவ்வளவு நேரம் காத்திருந்தது எதற்கோ, அதன் வாசலிலேயே பிள்ளை அலறும்.

வரிசையையே மாற்ற முடியாதா என்றால், மாற்றியிருக்கிறார்கள். அமெரிக்காவில், ஃபுளோரிடாவின் டிஸ்னி பூங்காவில், பறக்கும் யானை ராட்டினத்துக்கு 2012-இல் ஒரு கூடாரம் போட்டார்கள். அப்போது உள்ளே குழந்தைகள் ஏறிச் சறுக்கி விளையாடினார்கள், பெற்றோர் உட்கார்ந்தார்கள். கையில் கொடுத்த கருவி அதிர்ந்தால் அவர்கள் முறை வந்துவிட்டது என்று அர்த்தமாக இருந்தது. நம்மூரில் ஒரு தகரக் கொட்டகையும் தண்ணீர்க் குழாயும் வரிசை நெடுக இருந்தாலே நான் கும்பிடுவேன்.

அன்றைக்குக் கடைசியாக, உயரக் கம்பு இல்லாத ஒரு குட்டி ராட்டினத்தில் பேத்தி ஏறினாள். முப்பத்தைந்து நிமிட வரிசை, இரண்டு நிமிட ஆட்டம். நின்றதும் இறங்க மாட்டேன் என்று கம்பியைக் கட்டிக்கொண்டு அழுதாள். மருமகன் ஐஸ்கிரீம் என்றார், மகள் அடிப்பேன் என்றாள். நான் கையை நீட்டி, 'வரியாடி, மறுபடி வரிசையில நின்னு நண்டு விடலாம்' என்றேன். கம்பியை விட்டுவிட்டு இறங்கி, எனக்கு முன்னால் ஓடிப்போய் வரிசையின் கடைசியில் நின்றுகொண்டாள்.

வணக்கம்.