பொகையனும் 21 இஞ்சும்: போன வீடியோல நான் சொன்னது தப்பு

மக்களே, வணக்கம். மைக்ல காத்து அடிக்கும், கொஞ்சம் பொறுத்துக்கோங்க. போடியில இருந்து 17 கொண்டை ஊசி வளைவு ஏறி, போடிமெட்டு செக்போஸ்ட் தாண்டி, கேரளா பக்கம் நிக்கிறேன். பின்னாடி தெரியிறது டீக்காடு. கங்காணி அண்ணன்கிட்ட சொல்லிட்டுதான் உள்ள வந்துருக்கேன், அதனால யாரும் கமெண்ட்ல வந்து சண்டை போடாதீங்க.

போன மாசம் இதே இடத்துலதான் அந்த 11 செகண்ட் கிளிப் எடுத்தேன். "பொகையன் சிக்கிருச்சா?"னு தம்ப்நெயில்ல செவப்பு வட்டம், மஞ்ச அம்புக்குறி, நான் வாயைப் பொத்திக்கிட்டு நிக்கிற மாதிரி ஒரு மூஞ்சி. நம்ம சேனல்லயே அதிகம் ஓடுனது அதுதான். இன்னைக்கு அது தப்புனு சொல்ல வந்துருக்கேன். இது அந்த அளவுக்கு ஓடாதுன்னும் தெரியும்.

புதுசா வந்தவங்களுக்கு: பொகையன்னா பொகை மாதிரி வந்து பொகை மாதிரி போற பூனை. மூணாறு, இரவிகுளம் பக்கம் புல்மலைகள்ல சாம்பல் நிறத்துல, உடம்புல புள்ளியே இல்லாம, நீள வாலோட ஒரு பெரிய பூனை இருக்குன்னு ஒரு பேச்சு. பேர் பெத்த காட்டுயிர் ஒளிப்படக்காரர் ஒருத்தரே பாத்ததாச் சொன்னதுல விஷயம் வெளிநாடு வரைக்கும் போச்சு. ஆசியப் பொன்பூனைன்னு ஒன்னு இருக்கு, அதுல சாம்பல் நிறமும் உண்டு, அதுதான் இதுன்னு சிலர் சொல்றாங்க. ஆனா அது நம்ம நாட்டுல வடகிழக்குப் பக்கத்துக் காட்டுல இருக்குறது. மேற்குத்தொடர்ச்சி மலையில அதுக்கு இதுவரைக்கும் ஆதாரம் கிடையாது.

சரி, போன வீடியோல நான் அடிச்சு விட்டது என்ன? ஒன்னு, "செடி இடுப்பு உயரம், அந்த மிருகத்தோட முதுகு செடியில முக்காவாசிக்கு வருது, அப்போ கிட்டத்தட்ட சிறுத்தை உயரம்." ரெண்டு, வால் நீளம். மூணு, நிறம் சாம்பல். இம்புட்டும் சொல்லிட்டு "நீங்களே முடிவு பண்ணுங்க மக்களே"ன்னு வேற. அந்த ஒரு வரியைச் சொல்லித்தான் நாங்க எல்லாரும் தப்பிச்சுக்கிறது.

வீடியோ போட்டு ஒரு வாரம் கழிச்சு, இதே எஸ்டேட்டு லயத்துல, அதான் தொழிலாளிங்க வரிசை வீட்டுல, இருக்குற ஒரு பெரியம்மாகிட்ட பெருமையா போனைக் காட்டுனேன். முப்பது வருஷத்துக்கு மேல கொழுந்து எடுத்தவங்க. ஒரு தடவை பாத்தாங்க. ரெண்டாந் தடவை கூட பாக்கல. "ஏய்யா, இது கவ்வாத்துக் காடுல்ல?"ன்னாங்க. எனக்குப் புரியல. "செடி எங்கய்யா இடுப்பு உயரம் இருக்கு? வெட்டி விட்ட செடி. முட்டி உசரம்தான் இருக்கும். இது காட்டுமாக்கான். எங்க லயத்துக் கோழியையே தூக்கிட்டுப் போயிருக்கு."

காட்டுமாக்கான்னா காட்டுப்பூனை. கவ்வாத்துன்னா தெரியும்ல? சில வருஷத்துக்கு ஒருக்கா டீச்செடியோட தலையை வெட்டி விடுவாங்க, புதுக் கொழுந்து நல்லா வரட்டும்னு. வெட்டுன காட்டைத் தூரத்துல இருந்து பாத்தா, அதுவும் மஞ்சுக்குள்ள, அதான் பனிமூட்டத்துக்குள்ள பாத்தா, உயரம் பிடிபடாது. எல்லாச் செடியும் ஒரே மட்டமா இருக்குறதால, வழக்கமா பாக்குற டீச்செடின்னே நம்ம மனசு எடுத்துக்கும். செடியோட உயரத்தை நான் கண்ணால பாக்கவே இல்லைங்க, ஞாபகத்துல இருந்து எடுத்துப் போட்டுட்டேன்.

அதான் இன்னைக்கு டேப் கொண்டாந்துருக்கேன். இருங்க, கேமராவை இந்தக் கல்லு மேல வைக்கிறேன். தெரியுதா? கிளிப்ல வலது ஓரத்துல ரெண்டாப் பிரிஞ்ச கிளையோட ஒரு செடி இருக்கும்ல, அது இதுதான். புதுத் துளிரு இப்பதான் வந்துருக்கு, அதை விட்டுருவோம். வெட்டுவாய் வரைக்கும் அளக்குறேன். இந்தா... 21 இஞ்ச். நல்லா பாத்துக்கோங்க, 21. போன வீடியோல நான் சொன்ன இடுப்பு உயரம் மூணடிக்கு மேல.

21ல முக்காவாசி கிட்டத்தட்ட 16 இஞ்ச், அதாவது 40 சென்டிமீட்டர். சிறுத்தைக்குத் தோள் உயரம் 60, 70 சென்டிமீட்டர் இருக்கும். காட்டுப்பூனைக்கு 40 பக்கம்தான். கதை முடிஞ்சிருச்சு. நான் சிறுத்தை உயரத்துக்கு ஏத்தி விட்டது, காலு கொஞ்சம் நீளமான ஒரு பூனையை.

வாலு? அது இன்னும் கேவலம். நேத்து ராத்திரி கிளிப்பை ஒவ்வொரு ஃப்ரேமா ஓட்டிப் பாத்தேன். மிருகம் நாலடி முன்னாடி போயிருச்சு, "வாலு" அங்கயே நிக்குது. வெட்டிப் போட்ட கவ்வாத்துக் குச்சி ஒன்னு பின்னாடி சாய்ஞ்சு கெடந்துருக்கு. உண்மையான வாலு குட்டையா, நுனிப் பக்கம் கருப்பு வளையத்தோட, ரெண்டே ரெண்டு ஃப்ரேம்ல தெரியுது. காட்டுப்பூனைக்கு வாலே அப்படித்தான், குட்டை. நான் எடிட் பண்ணும்போது அந்த ரெண்டு ஃப்ரேமையும் பாக்காமயா இருந்திருப்பேன்? பாத்திருப்பேன். வேணாம்னு மனசு தள்ளிருக்கும்.

நிறத்துக்கு ரொம்ப யோசிக்க வேணாம். பொழுது சாயிற நேரம். இருட்ட இருட்ட நிறம் பிரிச்சுப் பாக்குற செல்லு நம்ம கண்ணுல ஓய்ஞ்சிரும், எல்லாம் சாம்பலாத்தான் தெரியும். போன் கேமரா இன்னும் மோசம், இருட்டுல வர்ற புள்ளிபுள்ளியை அழிக்கிறேன்னு கால்ல இருக்குற மங்கலான கோட்டையும் சேத்து மெழுகி விட்டுரும். அப்புறம் மஞ்சு. மஞ்சுக்குள்ள இருக்குற பொருள் மங்கலாத் தெரியிறதால தூரத்துல இருக்குன்னு மூளை நெனைச்சுக்கும். தூரத்துல இருந்தும் இம்புட்டு பெருசாத் தெரியுதுன்னா, அது பெருசாத்தான் இருக்கணும்னு கணக்குப் போட்ரும். பொகையன் ஏன் பொகைக்குள்ளயே வருதுன்னு இப்ப புரியுதா?

எனக்கு மட்டும்தான் இப்படின்னு நெனைச்சு வெக்கப்பட்டுக்கிட்டு இருந்தேன். 2012 ஆகஸ்ட்ல இங்கிலாந்துல எசெக்ஸ்னு ஒரு பகுதியில, வயல்ல சிங்கம் நிக்குதுன்னு ஆளுங்க போன் போட்டு, போலீஸ் துப்பாக்கியோட வந்து, ஹெலிகாப்டர் எல்லாம் விட்டுத் தேடுனாங்க. சிங்கம் கெடைக்கல. அந்தப் பக்கத்துல சடை முடியோட மெயின் கூன் ஜாதிப் பூனை வளத்த வீட்டுக்காரங்க, அது எங்க பூனையாத்தான் இருக்கும்னு சொன்னாங்க. பூனை பேரு டெடி பேர். நல்லா இருக்குல்ல? பாத்தவங்க யாரும் பொய் சொல்லல. வெறும் வயலு, பக்கத்துல அளவு பாக்க ஒன்னுமில்ல, அவ்வளவுதான்.

நம்ம எல்லைப் பக்கத்துல இன்னொரு கூத்து இருக்கு. இது வெளிநாட்டுக்காரனுக்கு வராது, நமக்கு மட்டும்தான் வரும். மலையாளத்துல புலின்னா சிறுத்தை. நம்ம புலிக்கு அவங்க சொல்றது கடுவா. ராஜகுமாரியில "புலி இறங்கி"ன்னு ஒரு மலையாள வாய்ஸ் நோட்டு கெளம்பும். பூப்பாறை தாண்டி போடிக்கு வர்றதுக்குள்ள "ஊருக்குள்ள புலி"ன்னு தமிழ்ல ஆயிரும். கூடவே எவனாவது வடநாட்டுல எடுத்த வரிப்புலி படம் ஒன்னைக் கோத்து விடுவான். நடுவுல ஒருத்தரும் பொய் சொல்லல, சிறுத்தை மட்டும் புலி ஆயிருச்சு. எங்க குடும்ப குரூப்பு இதுக்குப் பேர் போனது, மாமா மன்னிச்சிருங்க.

இப்ப கமெண்ட்ல ஒருத்தர் கேட்டது. "அப்போ மலையில இருக்குற சனம் சொல்றதெல்லாம் பொய்யா? காணி மக்கள் கல்லானைன்னு ஒரு குட்டை யானை இருக்குங்கறாங்களே?" நல்ல கேள்வி. காணி மக்கள்னா அகத்தியமலைப் பக்கத்துப் பழங்குடிங்க. அங்கயும் பேப்பாறை பக்கமும் அந்தப் பேச்சு ரொம்ப காலமா இருக்கு. 2005ல படமும் எடுத்தாங்க. ஆனா படத்துல இருக்குறது தனி ஜாதி யானையா, கூட்டத்தை விட்டுப் பிரிஞ்ச இளவட்ட யானையா, இல்ல பிறவியிலயே குள்ளமான யானையான்னு படத்தை வச்சுச் சொல்ல முடியாது. இலங்கையில உடவளவையில 2013ல அப்படி ஒரு ஆண் யானையைப் பாத்தாங்க. பெரிய யானை உடம்பு, காலு மட்டும் குட்டை. அது தனி இனம் இல்ல, குள்ளம். காணி மக்கள் குட்டை யானையைப் பாத்திருப்பாங்கன்னு நான் நம்புறேன். தனி இனம்னு சொல்ல லத்தியோ முடியோ வேணும், அதுல டிஎன்ஏ பாக்கணும்.

இமயமலைப் பனிமனுசன்னு சொல்ற எட்டிக்கும் அதைத்தான் பண்ணாங்க. மடத்துல, மியூசியத்துல எட்டியோடதுன்னு வச்சிருந்த முடி, பல்லு, தோலு, எலும்புன்னு 9 மாதிரியை எடுத்துப் பாத்து 2017ல முடிவு சொன்னாங்க. 8 கரடி. மிச்சம் 1 நாய். நாய்க்கு யாரு எட்டின்னு பேரு வச்சாங்களோ.

ஆனா மலைச்சனம் சொன்னதை எல்லாம் தூக்கிப் போடுறவனும் ஏமாந்து போவான். இதே இடுக்கி ஜில்லாவுல பாதாளத் தவளைன்னு ஒன்னு. ஊதா நிறம், பன்னி மாதிரி கூர் மூக்கு, உப்பிப் போன உடம்பு. வருஷம் பூரா மண்ணுக்குள்ளயே கெடக்கும், மழை தொடங்குற சமயத்துல கொஞ்ச நாள் மட்டும் மேல வரும். காட்டை ஒட்டி இருக்குற சனத்துக்கு அதைத் தெரியும். அறிவியல் அதுக்குப் பேரு வச்சது 2003லதான். கிட்டத்துச் சொந்தம் எங்க இருக்குன்னா, கடல் தாண்டி செஷல்ஸ் தீவுல. இந்தக் கதையை எவனாவது டீக்கடையில சொல்லிருந்தா நான்தான் மொத ஆளாச் சிரிச்சிருப்பேன். ஆனா தவளையைக் கையில எடுத்து வச்சுக் காட்ட முடிஞ்சுது. பொகையனுக்கு இன்னைக்கு வரைக்கும் கையில வைக்க ஒரு முடி இல்ல.

இன்னொன்னு. 2018 புலிக் கணக்கெடுப்புல நாடு பூரா 26,838 இடத்துல கேமரா கட்டுனாங்க. விழுந்த படம் 3.48 கோடி. அதுல சிறுத்தைப் படம் மட்டும் அம்பதாயிரத்துக்கு மேல. புதுசா ஒரு பெரிய பூனைன்னு யாரும் அறிவிக்கல. எல்லா மலையிலயும், எல்லா எஸ்டேட்டுலயும் கேமரா கட்டல, அது உண்மை. அதனால "கிடையவே கிடையாது"ன்னு நான் சூடம் அடிச்சுச் சத்தியம் பண்ண மாட்டேன். என் கிளிப்ல இருந்தது அது இல்ல, அதை மட்டும் அடிச்சுச் சொல்றேன்.

பழைய வீடியோவை அழிக்கலை. தலைப்பை "காட்டுப்பூனை, போடிமெட்டு"ன்னு மாத்திட்டேன். அம்புக்குறியை வாலு பக்கம் இருந்து குச்சி பக்கம் திருப்பி வச்சிருக்கேன். இனிமே யாராவது எனக்குக் கிளிப் அனுப்புறதா இருந்தா, மிருகம் போன பெறகு அதே இடத்துல உங்க செருப்பையோ தண்ணி பாட்டிலையோ வச்சு, நீங்க நின்ன இடத்துல இருந்தே இன்னொரு படம் எடுத்து அனுப்புங்க. யானைன்னா வேணாம், ஓடிருங்க.

ஆங், பெரியம்மா அந்த லயத்துப் பக்கம் இருந்து கையைக் காட்டுறாங்க. என்னம்மா? ...கடைசி ஜீப்பு போகுதாம். விட்டா பூப்பாறை வரைக்கும் நடைதான். டேப்பை எங்க வச்சேன்...