கொடுப்பதிலா, கூட இருப்பதிலா? ‘கூட இருப்பதிலே’ அணியின் உரை

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, திருகோணமலை மக்களே, வணக்கம்.

‘கிறிஸ்தவ அன்பு பெரிதும் விளங்குவது கொடுப்பதிலா, கூட இருப்பதிலா?’ என்பது இன்றைய தலைப்பு. எதிரணித் தலைவர் யாக்கோபின் நிருபத்தோடு தொடங்கினார். துணியும் உணவும் இல்லாதவரிடம், ‘சமாதானத்தோடே போங்கள், குளிர்காய்ந்து பசியாறுங்கள்’ என்று சொல்லிவிட்டு ஒன்றும் கொடாவிட்டால் என்ன பயன் என்று யாக்கோபு கேட்கிறார், ஆகவே கொடுப்பதே அன்பு என்றார். அந்த வசனத்தை இன்னொரு தரம் பாருங்கள். அந்த மனிதன் முதலில் சொன்ன சொல் எது? ‘போங்கள்.’ கொடாமல் விட்டது அவனுடைய இரண்டாவது குற்றம். அனுப்பிவிட்டதுதான் முதலாவது. பசித்தவரைத் தன் பக்கத்தில் இருத்திவிட்டுத் தான் மட்டும் சாப்பிட யாருக்கு மனம் வரும்?

அடுத்து, வழியில் அடிபட்டுக் கிடந்தவனைக் காப்பாற்றிய நல்ல சமாரியன் சத்திரக்காரனிடம் கொடுத்த இரண்டு தெனாரியைச் சொன்னார். ஒரு தெனாரி கூலியாள் ஒருவரின் ஒரு நாள் சம்பளம். ஆக, இரண்டு நாள் சம்பளம். நல்ல கொடைதான். ஆனால் அது எப்போது வெளியே வந்தது? லூக்கா வரிசை பிசகாமல் எழுதுகிறார். கிட்ட வந்தான். காயத்தில் எண்ணெயும் திராட்சரசமும் வார்த்துக் கட்டினான். தன் வாகனத்தில் ஏற்றித் தான் இறங்கி நடந்திருப்பான். சத்திரத்தில் வைத்துப் பராமரித்தான். பணத்தை எடுத்தது மறுநாள், அதுவும் திரும்பி வருவேன் என்ற வாக்கோடு. அவனுக்கு முன் அதே வழியில் வந்த ஆசாரியனும் லேவியனும் காசு கொடுக்கவில்லை என்று இயேசு குறை சொல்லவில்லை. ‘பக்கமாய் விலகிப்போனான்’ என்பதே அவர்கள் மேல் உள்ள ஒரே குற்றச்சாட்டு.

மத்தேயு 25ஆம் அதிகாரத்திலும் அப்படித்தான். பசிக்கு உணவு, தாகத்துக்குத் தண்ணீர், உடுக்க உடை என்று கொடைகள் வருகின்றன, மறுக்கவில்லை. ஆனால் நோயாளியிடம் வரும்போது ‘குணமாக்கினீர்கள்’ என்றோ, சிறையாளியிடம் ‘விடுவித்தீர்கள்’ என்றோ அவர் சொல்லவில்லை. ‘விசாரிக்க வந்தீர்கள்’, ‘பார்க்க வந்தீர்கள்’ என்கிறார். நம்மால் மாற்ற முடியாத துன்பத்தில் அவர் கேட்பது வரவை மட்டும்தான்.

இனி வேதத்திலிருந்து வீட்டுக்கு வருவோம். பாரிசவாதம் வந்து படுத்த படுக்கையாகிவிட்ட ஒரு தாய். கூட இருப்பது ஒரு மகள் மட்டும். பங்கு மக்கள் காசு சேர்த்து, காற்று மெத்தை ஒன்று வாங்கிக் கொடுக்கிறார்கள். அருமையான கொடை. மெத்தை வந்துவிட்டால் படுக்கைப்புண் வராதா? வரும். மெத்தை இருந்தாலும் அந்தத் தாயைப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். வழக்கமான கணக்கு இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தரம், ஒரு நாளைக்குப் பன்னிரண்டு தரம். மெத்தைக்குக் காற்றூட்டும் பம்பை அவருடைய நிறைக்கு ஏற்பத் திருப்பி வைக்காவிட்டால் மெத்தை கல்லாகும், அல்லது தொய்ந்துவிடும். நாரிக்கு, அதாவது முதுகின் கீழ்ப் பகுதிக்கு, நேர் கீழே, காற்று அறைகளுக்கு அடியில் கையை நுழைத்துப் பார்க்க வேண்டும். உடம்புக்கும் கைக்கும் இடையில் ஓர் அங்குலமாவது காற்று நிற்க வேண்டும். பாசத்தில் மேலே இரண்டு போர்வையும் ஒரு பிளாஸ்டிக் விரிப்பும் போட்டால் மெத்தை செய்யும் வேலை தோலுக்கு எட்டாது. கரண்ட் போனால் காற்றும் இறங்கும். இதையெல்லாம் பார்க்க ஒரு கண் அந்த அறையில் வேண்டும், நடுவர் அவர்களே.

தோலைப் பார்ப்பதற்கும் கண் வேண்டும். புண் தொடங்கும் இடங்கள் நாரியின் கீழ் எலும்பு, இடுப்பெலும்பு, குதிக்கால், முழங்கை, பின்தலை. சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தால் வெளிற வேண்டும். வெளிறாவிட்டால் உள்ளே சதை நசியத் தொடங்கிவிட்டது. நம்முடைய நிறத்தில் அந்தச் சிவப்புத் தெளிவாகத் தெரியாது. ஆகவே சுற்றியுள்ள தோலைவிடக் கறுத்திருக்கிறதா, சுடுகிறதா, இறுகியிருக்கிறதா என்று புறங்கையால் தொட்டறிய வேண்டும். அந்த இடத்தை எண்ணெய் விட்டுத் தேய்க்கவே கூடாது, நசிந்த சதை மேலும் கிழியும். குதிக்காலைக் காப்பாற்றக் கெண்டைக்காலின் கீழே தலையணை வைத்தால் குதி காற்றில் நிற்கும். வளையத் தலையணை வைப்பவர்கள் உண்டு. வளையத்தின் விளிம்பு சுற்றிவர அழுத்தி இரத்த ஓட்டத்தை மறிப்பதால் அது கெடுதல்.

புரட்டும்போது இழுத்தால் விரிப்போடு உராய்ந்து தோல் உரியும். நாலாக மடித்த விரிப்பை உடம்பின் கீழே போட்டு, இரு பக்கமும் இருவர் பிடித்துத் தூக்கித்தான் நகர்த்த வேண்டும். ஒருவரால் முடியாது. அந்த வீட்டில் ஒரு மகள்தான் இருக்கிறாள். இரண்டாவது ஆளை எந்தக் காசோலை கொண்டுவரும்?

எங்கள் அணி அதற்கு வழியும் சொல்லும். ஒரு நாளைக்கு இருவர் வீதம் வாரத்துக்குப் பதினான்கு பேர். மாலை ஆறிலிருந்து ஒன்பது வரை. அந்த மூன்று மணித்தியாலத்தில் இரண்டு தரம் புரட்டலாம். நிமிர்த்தி இருத்திச் சாப்பாடு கொடுத்து, புரைக்கேறாதபடி அரை மணித்தியாலம் அப்படியே வைத்திருக்கலாம். மகள் படுத்துத் தூங்கலாம். இத்தகைய பட்டியல்கள் சில வாரங்களில் குலைந்துபோவதுண்டு. பிரசங்கம் முடிந்த சூட்டில், எவ்வளவு காலம் என்று சொல்லாமல் பெயர் எழுதுவது ஒரு காரணம். ஆகவே ஆறு வாரம் என்று எல்லை போட்டுக் கேளுங்கள். நாளுக்கு ஒரு மாற்றாளும் எழுதுங்கள். கதவோரம் ஒரு கொப்பி தொங்கட்டும்: எத்தனை மணிக்கு எந்தப் பக்கம் புரட்டியது, எத்தனை கோப்பை குடித்தார், சிறுநீர் என்ன நிறம். அடுத்து வருகிறவர் அந்தத் தாயிடமே எல்லாவற்றையும் திரும்பக் கேட்டு அலுக்க வைக்க மாட்டார். பெண்ணுக்குப் பெண்களே போக வேண்டும், தொட முன் கேட்க வேண்டும். அந்த வீடு சைவ வீடாகவோ முஸ்லிம் வீடாகவோ இருந்தால், செபத்தை உதவியின் விலையாக வைக்கக் கூடாது. திருப்பிச் செய்ய முடியாதவர்களையே விருந்துக்கு அழை என்றவரின் சீடர்கள் நாம்.

எதிரணியின் இரண்டாவது பேச்சாளர் சுனாமியை நினைவுபடுத்தினார். 2004 டிசம்பர் 26க்குப் பின் உலகம் அள்ளிக் கொடுத்தது, அது அன்பில்லையா என்றார். அன்புதான், ஐயமில்லை. ஆனால் இத்தகைய அனர்த்தங்களில் வந்து குவியும் குழந்தைப் பால்மாவை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குக் கொதித்த நீர் வேண்டும், சுத்தமான போத்தல் வேண்டும், சரியான அளவு வேண்டும். கிணறெல்லாம் உப்பாகிப்போன கரையில் இவை எங்கே கிடைக்கும்? பிள்ளைக்கு வயிற்றோட்டம் வரும். பால்மா கிடைத்துவிட்டதென்று தாய் பால் கொடுப்பதைக் குறைத்தால் தாய்ப்பாலும் வற்றும். முகாமில் அவளருகே பத்து நிமிடம் இருந்தவருக்குத் தெரியும், அவளுக்கு வேண்டியது மறைவான ஓர் இடமும் இரண்டு நேரச் சாப்பாடும் என்று.

ஆதித் திருச்சபையே இந்தப் பாடத்தைப் படித்தது. அப்போஸ்தலர் 6ஆம் அதிகாரம்: எருசலேமில் அன்றாடம் உணவு பகிரப்பட்டது. ஆனாலும் கிரேக்க மொழி பேசிய விதவைகள் கவனிப்பின்றி விடப்பட்டார்கள். மொழி வேறானவர்களை மறந்துவிடுவது எவ்வளவு எளிது என்பதை இந்த ஊருக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அப்போஸ்தலர் இன்னும் உணவு சேர்க்கச் சொல்லவில்லை. ஏழு பேரை நியமித்தார்கள். ஏழு பேரின் பெயரும் கிரேக்கப் பெயர். விடுபட்டவர்களிடம் அவர்கள் மொழியிலேயே பேசி, முகம் பார்த்துப் பரிமாறக் கூடியவர்கள்.

நம் நாட்டுக்கே வாருங்கள். 1697இல் கண்டியில் பெரியம்மை பரவியபோது நோயாளிகள் கைவிடப்பட்டார்கள். யோசேவாஸ் அடிகளார் அவர்களோடு தங்கிப் பணிவிடை செய்தார். கொடுக்க அவரிடம் செல்வம் இருக்கவில்லை. இருந்தது இரண்டு கைகள். 2015இல் திருச்சபை அவரைப் புனிதராக உயர்த்தியது.

செத்தவீட்டையும் ஒரு கணம் நினையுங்கள். முதல் நாள் கதிரை போதாது. முப்பத்தோராம் நாள் நினைவு முடியும் வரை சாப்பாடு வந்துகொண்டே இருக்கும். முப்பத்திரண்டாம் நாள் காலை வீடு வெறிச்சோடிவிடும். கிராம சேவகரிடமும் பிரதேச செயலகத்திலும் கடதாசிகளோடு அந்த விதவை தனியே வரிசையில் நிற்பாள். அன்றைக்குக் கூடப் போங்கள். ‘எல்லாம் கடவுள் சித்தம்’ என்று சொல்லாதீர்கள். செத்தவரின் பெயரைச் சொல்லிப் பேசுங்கள், அவள் அழுதால் பேச்சை மாற்றாதீர்கள்.

எனக்குப் பின் பேசவிருக்கும் எதிரணி நண்பரிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். இன்றிரவு இரண்டு மணிக்கு, அந்த விரிப்பின் மறுபக்கத்தைப் பிடிக்கப் போகிறவர் யார்?

நன்றி, வணக்கம்.