கை தயாரா இருந்துச்சு, மனசுதான் தயாரா இல்ல

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, கீழ உக்காந்திருக்கிற பெரியவங்க, தாய்மார்கள், தம்பி தங்கைங்க எல்லாருக்கும் வணக்கம்.

இன்னைக்கு தலைப்பு "கலைஞனின் படைப்பில் தெரிவது உள்ளமா, உழைப்பா". நான் உள்ளம்தான்னு பேச வந்திருக்கேன். எனக்கு முன்னாடி பேசின எதிரணி அக்கா ரொம்ப நல்லா பேசினாங்க, உள்ளேருந்து ஒரு உந்துதல் வருதுங்கறதெல்லாம் கட்டுக்கதை, தினம் காலைல எழுந்து கையைப் பழக்குறவன்தான் கலைஞன், அழுற அம்மாவை வரையறதுக்கு ஓவியன் அழ வேண்டியதில்ல, எலும்பு எங்க இருக்கு தோல் எங்க மடியும்னு தெரிஞ்சா போதும்னாங்க. பயிற்சி வேணாம்னு நான் சொல்ல மாட்டேங்க. ஆனா பயிற்சி முழுக்க கைவந்த ஒருத்தருக்கு, ஊரே பேர் சொல்ற ஒருத்தருக்கு, ஒரு நினைவுச்சிலை செய்ய 18 வருஷம் ஏன் ஆச்சு? இதுக்கு அக்கா பதில் சொல்லணும்.

அவங்க பேர் கேத்தே கோல்விட்ஸ். ஜெர்மனிக்காரங்க, 1867ல கோனிக்ஸ்பர்க்ல பிறந்தவங்க. கல்யாணம் ஆனதும் பெர்லினுக்கு வந்துட்டாங்க. வீட்டுக்காரர் கார்ல் ஒரு டாக்டர், கூலித் தொழிலாளிங்க நெருக்கியடிச்சு வாழ்ற ஏரியாவுல கிளினிக் வச்சிருந்தார். வைத்தியத்துக்கு வர்ற பொம்பளைங்க டாக்டரை பாத்துட்டு இந்தம்மாகிட்டயும் வந்து உக்காந்து வீட்டுக் கஷ்டத்தை கொட்டிட்டு போவாங்க. நெசவாளிங்க பட்டினியையும் கலகத்தையும் வச்சு இவங்க செஞ்ச அச்சுப் படங்களுக்கு 1898ல பதக்கம் குடுக்கணும்னு நடுவர் குழுவே பரிந்துரை பண்ணுச்சு, ஜெர்மன் மன்னர் முடியாதுன்னுட்டார். அந்த அளவுக்கு அப்பவே பேர் வாங்கிட்டாங்க, கையைப் பத்தி யாருக்கும் சந்தேகம் கிடையாது.

இப்ப 1903க்கு வாங்க. ஒரு பெரிய கண்ணாடி, அது முன்னாடி கேத்தே உக்காந்திருக்காங்க. மடியில அவங்க சின்னப் பையன் பீட்டர், ஏழு வயசு. அவனை ஒரு கையால இறுக்கி அணைச்சுக்கிட்டு, கண்ணாடில தெரியற தன்னையே பாத்து இன்னொரு கையால வரையறாங்க. ஏழு வயசுப் பையன் என்ன கனம் இருப்பான், கை கடுக்குது, தன்னையும் அறியாம முனகுறாங்க. அப்ப அந்தப் புள்ள சமாதானம் சொல்றானாம், பேசாம இரும்மா, ரொம்ப அழகா வரும்னு. பல வருஷம் கழிச்சு அவங்களே ஒரு கடிதத்துல எழுதினது இது.

வந்த படம் என்ன தெரியுமா? செத்துப்போன குழந்தையை மடியில போட்டுக்கிட்டு அது மேல முகத்தைப் புதைச்சுக்கிட்டு இருக்கிற ஒரு தாய். அழகான தாய் இல்லீங்க, குட்டியைப் பறிகொடுத்த மிருகம் மாதிரி உக்காந்திருக்கா. கண்காட்சியில இதைப் பாத்த நெருங்கின தோழி ஒருத்தி, அய்யய்யோ சின்னவன் பீட்டருக்கு எதாவது ஆயிடுச்சான்னு பதறிட்டாங்களாம்.

எதிரணி உடனே கேப்பீங்க, பையன் உயிரோட, கல்லுக்குண்டா மடியில உக்காந்திருந்தான், அப்ப இதுல உள்ளம் எங்க, வெறும் கற்பனையும் கைத்திறனும்தானேன்னு. நியாயமான கேள்வி. ஆனா கேத்தேவோட சின்ன வயசை கொஞ்சம் பாருங்க. அவங்க தம்பி பெஞ்சமின் கைக்குழந்தையிலேயே செத்துட்டான், அதுக்கு முன்னாடியும் அந்த வீட்ல குழந்தைங்க போயிருக்கு. தம்பி சீரியஸா கிடக்கிறப்ப எல்லாரும் சாப்பாட்டு மேசையில உக்காந்திருக்காங்க, அம்மா சூப் ஊத்திக்கிட்டிருக்காங்க, குழந்தையைப் பாத்துக்கிற ஆயா கதவை படார்னு திறந்து மறுபடியும் வாந்தி எடுக்கிறான்னு கத்துது. அம்மா ஒரு நிமிஷம் வெறைச்சுப் போய் நின்னாங்களாம், அப்புறம் எதுவும் பேசாம மறுபடியும் சூப் ஊத்த ஆரம்பிச்சுட்டாங்களாம். எல்லார் முன்னாடியும் அழக்கூடாதுன்னு அம்மா அடக்கிக்கிட்டதை, பக்கத்துல இருந்த சின்னப்பொண்ணு கேத்தே பாத்துக்கிட்டே இருந்திருக்காங்க. அந்த அம்மா அழாத அழுகைதான் நடுவர் அவர்களே, அத்தனை வருஷம் உள்ள கிடந்து 1903ல மகளோட கை வழியா வெளிய வந்துச்சு. எலும்பும் தோலும் தெரிஞ்சவங்க ஆயிரம் பேர் அன்னைக்கு பெர்லின்ல இருந்தாங்க, அந்த சூப் கரண்டியைப் பாத்தவங்க கேத்தே மட்டும்தான்.

இதை நான் படிச்சப்ப எனக்கு எங்க அப்பத்தா ஞாபகம்தான் வந்துச்சு. எங்க ஊர்ல எந்த எழவு வீடா இருந்தாலும் ஒப்பாரிக்கு அப்பத்தாவைத்தான் கூப்பிடுவாங்க. செத்தவங்க யாரோ எவரோ, பங்காளி கூட கிடையாது, அவங்களைப் பத்தி ரெண்டு வரி பாடும், மூணாவது வரில தன்னோட தலைச்சன் புள்ள வந்துரும், மூணு வயசுல அம்மை வந்து போன புள்ள. சுத்தி உக்காந்து மாரடிக்கிற பொம்பளைங்க எல்லாருக்கும் அது தெரியும், யாரும் நிறுத்த மாட்டாங்க, ஏன்னா அவங்களும் அவங்கவங்க துக்கத்தைத்தான் அழுதுக்கிட்டிருப்பாங்க. பாட்டுக்கு மெட்டு, எடுப்பு எல்லாம் அப்பத்தா கத்துக்கிட்டதுதான், நான் மறுக்கல. ஆனா அந்த மூணாவது வரியை யாரு கத்துக்குடுத்தா?

சரி, 1914. முதல் உலகப்போர் ஆரம்பிச்சாச்சு. பீட்டருக்கு 18 வயசு, நானும் பட்டாளத்துக்குப் போறேன்னு நிக்கிறான். வயசு பத்தாது, அப்பா சம்மதம் வேணும். கார்ல் முடியவே முடியாதுங்கறார். அம்மாதான் பையனுக்காகப் பரிஞ்சு பேசி கார்லை சம்மதிக்க வைக்கிறாங்க. அக்டோபர்ல பையன் பெல்ஜியம் போர்முனைக்குப் போறான், அந்த மாசமே செத்துட்டான். தாய் வாயாலயே கேட்டு வாங்கிக் குடுத்த சம்மதம், நடுவர் அவர்களே.

அந்த வருஷ டிசம்பர்லயே பையனுக்கு ஒரு நினைவுச்சின்னம் செய்யணும்னு ஆரம்பிக்கிறாங்க. முதல்ல திட்டம் என்னன்னா, பீட்டர் நீட்டிப் படுத்திருக்கான், தலைமாட்டுல ஒருத்தர் கால்மாட்டுல ஒருத்தர்னு அப்பா அம்மா. வருஷக்கணக்கா செஞ்சு பாக்குறாங்க, வரல. 1919ல தோத்துட்டேன்னு நிறுத்திடறாங்க, ஆனா நான் திரும்பி வருவேன், உனக்காக இந்த வேலையை செய்வேன்னு பையன்கிட்ட பேசற மாதிரி டைரில எழுதி வைக்கிறாங்க. அதே 1919லதான் பிரஷ்ய கலை அகாடமி அவங்களை உறுப்பினரா சேர்த்துச்சு. யோசிச்சு பாருங்க, கலையில இதுக்கு மேல என்ன சர்டிபிகேட் வேணும், கை தயாரா இருக்கு, பேர் இருக்கு, ஸ்டூடியோ இருக்கு, ஆனா மகன் முகத்தை மட்டும் முடிக்க முடியல. உழைப்புதான் எல்லாம்னா அந்தச் சிலை 1915லயே முடிஞ்சிருக்கணும்.

இடையில ஒரு விஷயம் நடந்துச்சு. போரைப் பத்தி ஒரு வரிசை படம் செய்யணும்னு செம்புத் தகட்டுல ஆசிட் வச்சு அரிக்கிற பழைய முறைல முயற்சி பண்றாங்க, கல்லுல வரைஞ்சு அச்செடுக்கிற லித்தோகிராஃபும் பண்ணி பாக்குறாங்க, ரெண்டுமே அவங்க வருஷக்கணக்கா கரைச்சுக் குடிச்ச வித்தை, ரெண்டும் இந்த விஷயத்துக்கு ஒத்து வரல. 1920ல இன்னொரு கலைஞர் மரக்கட்டைல செதுக்கி அச்செடுத்த படங்களை ஒரு கண்காட்சில பாத்து ஆடிப்போய், 50 வயசுக்கு மேல, புதுசா மரக்கட்டைல செதுக்கக் கத்துக்க ஆரம்பிக்கிறாங்க. அப்படி வந்ததுதான் போர் வரிசையோட ஏழு படங்கள். முதல் படத்துல ஒரு தாய் தன் கைக்குழந்தையை ரெண்டு கையாலயும் தூக்கி நீட்டுறா, பலி குடுக்கிற மாதிரி. சம்மதம் வாங்கிக் குடுத்த தாய் வேற எதை முதல் படமா செதுக்குவா? அடுத்த படத்துல சாவே ஒரு ஆள் உருவத்துல முன்னாடி முரசு அடிச்சுக்கிட்டுப் போகுது, பசங்க அது பின்னாடி போறாங்க, சாவுக்குப் பக்கத்துல இருக்கறது பீட்டர். அக்கா சொல்ற பயிற்சி இங்க என்ன ஆச்சு பாருங்க, உள்ள இருக்கறது வெளிய வர்றதுக்கு கத்துக்கிட்ட வித்தை பத்தலன்னதும் புது வித்தையை அது தேடிப் போகுது. உழைப்பு உள்ளத்துக்கு வேலைக்காரன், எஜமான் இல்ல.

எதிரணியில இன்னொருத்தர், கலைஞன் என்ன செய்யணும்னு முதல்லயே திட்டம் போட்டுட்டுதான் உக்காருறான், திடீர்னு எல்லாம் எதுவும் வராதுன்னு சொன்னார். 1937ல கேத்தே ஒரு வயசானவங்க உருவத்தைத்தான் செய்ய உக்காந்தாங்க, சின்ன சிலை, ஒரு அடி உயரத்துக்கு கொஞ்சம் மேல. செய்யச் செய்ய அது மாறி மாறி, கால்களுக்கு நடுவுல செத்த மகனை இழுத்து வச்சுக்கிட்டு உக்காந்திருக்கிற தாயா ஆயிடுச்சு. இது இப்படி ஆயிடுச்சேன்னு அவங்களே டைரில எழுதறாங்க. எழுதின தேதி என்ன தெரியுமா? அக்டோபர் 22. பீட்டர் செத்து 23 வருஷம் ஆன நாள். அவங்க போட்ட திட்டம் வேற, கை செஞ்சது வேற. அந்த சிலையோட பெரிய வடிவம் 1993லேருந்து பெர்லின்ல நாட்டோட நினைவிடத்துல இருக்கு, கூரைல வட்டமா ஒரு திறப்பு, மழை பெஞ்சா அந்தத் தாய் நனைவா, பனி விழுந்தா அது மேல விழும்.

ரெண்டாம் உலகப்போர் வந்தப்போ அவங்க செஞ்ச கடைசி லித்தோகிராஃப்ல ஒரு கிழவி, பசங்க மூணு பேரை கோட்டுக்குள்ள அமுக்கி வச்சுக்கிட்டு வெளிய விடமாட்டேன்னு நிக்கிறா. அதுக்கு அவங்க வச்ச பேரு, விதை தானியத்தை அரைக்கக் கூடாது. விதைநெல்லைக் குத்தித் தின்னக்கூடாதுன்னு நம்ம வீட்ல சொல்றது அப்படியே. 1914ல கையை விட்ட தாய், 70 வயசைத் தாண்டி கையை இறுக்குறா. அந்தப் போர்ல பேரனும் போயிட்டான், அவன் பேரும் பீட்டர்.

மணி அடிக்கப் போறீங்கன்னு தெரியுது நடுவர் அவர்களே, அந்த 18 வருஷ சிலையை மட்டும் முடிச்சிடறேன். 1920கள் நடுவுல மறுபடி ஆரம்பிச்சாங்க. இந்தத் தடவை மகனை எடுத்துட்டாங்க. அப்பாவும் அம்மாவும் மட்டும், தனித்தனி பீடத்துல மண்டி போட்டு. அப்பா நிமிர்ந்து, ரெண்டு கையாலயும் தன்னையே கட்டிக்கிட்டு பல்லைக் கடிச்சுக்கிட்டு இருக்கார். அம்மா குனிஞ்சு சுருண்டு போயிருக்காங்க. ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் தொடல. அன்னைக்கு அந்த சம்மதத்தை வாங்கினவங்களும் குடுத்தவரும் நடுவுல எவ்ளோ தூரம் விட்டு இருக்காங்கன்னு அந்த இடைவெளியைப் பாத்தா தெரியும். இன்னொன்னும் சொல்லணும், கேத்தே செஞ்சு குடுத்த உருவத்தைப் பாத்து கிரானைட்ல செதுக்கினது வேற சிற்பிங்க. கல்லு மேல உளி பிடிச்ச உழைப்பு முழுக்க அவங்களோடது. ஆனா முகம்?

1932ல பெல்ஜியத்துல பீட்டரைப் புதைச்ச கல்லறைத் தோட்டத்துக்கு ரெண்டு சிலையும் போச்சு. நிறுத்தி முடிச்சப்புறம் கேத்தே அந்த அம்மா சிலை முன்னாடி போய் நின்னாங்க. அது அவங்களோட முகம். பாத்தாங்க, அழுதாங்க, அந்தக் கல்லோட கன்னத்தைத் தடவிக் குடுத்தாங்க. பின்னாடியே கார்ல் வந்து நின்னதைக் கூட அவங்க கவனிக்கல. ஆமா, ஆமான்னு அவர் மெல்லமா சொன்னது மட்டும்தான் காதுல விழுந்துச்சாம்.

வணக்கம்.